மூன்று வருடத்துக்கு மாசு நிறைந்த நகரம்: பிள்ளைகளோடு போவதா?

நீங்கள் எழுதியிருப்பதை முதலில் சுருக்கிச் சொல்லிக்கொள்கிறேன். கணவருக்கு வெளிநாட்டில் ஒரு பெருநகரத்தில் மூன்று வருட வேலை. அந்த ஊர்க் காற்றில் நுண்துகள் வருடச் சராசரியாக 60 மைக்ரோகிராம் என்றும், குளிர்காலத்தில் 200-ஐத் தாண்டும் நாட்கள் உண்டு என்றும் தேடிப் பார்த்திருக்கிறீர்கள். பதினோரு வயது மகளுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. ஐந்து வயது மகனுக்குச் சளி பிடித்தால் வீசிங், அதாவது மூச்சிளைப்பு, வந்துவிடும். போன வருடம் நான்கு முறை நெபுலைசர் வைக்க வேண்டியிருந்தது. இதயத்தில் ஸ்டென்ட் வைத்த மாமியாரும் கூட வருவார். "போகலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்களைத் தூங்கவிடாமல் செய்வது அதுவல்ல என்று எனக்குப் படுகிறது. போனால் பிள்ளைகளுக்குத் திருத்த முடியாத கெடுதலைச் செய்துவிடுவோமோ என்ற பயம்தான் அது. சம்பளம், கணவரின் வேலை, பிரிந்திருப்பதன் கஷ்டம் எல்லாம் உங்கள் வீட்டுக் கணக்கு. அதில் நான் தலையிட முடியாது. கெடுதல் எவ்வளவு, அதில் எதைத் தடுக்கலாம் என்பதை மட்டும் எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன்.

நான் குழந்தைகள் நுரையீரல் மருத்துவர். இந்தத் துறையில் இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. அதில் ஏழு வருடம், நீங்கள் சொல்வதைப் போன்ற காற்றுள்ள ஒரு நகரத்தில் வேலை பார்த்தேன். அங்கே என்னிடம் வந்த குடும்பங்களில் பாதிக்கு மேல் இரண்டு மூன்று வருட ஒப்பந்தத்தில் வெளியிலிருந்து வந்தவர்கள். அதனால் இதே கேள்வியை, இதே பதற்றத்தோடு, பலமுறை கேட்டிருக்கிறேன். உங்கள் மகனை நான் பார்த்ததில்லை. அவனைப் பார்த்துவரும் மருத்துவர் நான் சொல்வதற்கு மாறாக ஏதாவது சொன்னால் அவர் சொல்வதையே கேளுங்கள்.

முதலில் அந்த 60. உலகச் சுகாதார நிறுவனம் 2021-ல் வெளியிட்ட வழிகாட்டி, பி.எம்.2.5 எனப்படும் நுண்துகளின் வருடச் சராசரி ஒரு கன மீட்டர் காற்றுக்கு 5 மைக்ரோகிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது. அதற்கு முன்பு இந்த அளவு 10. அமெரிக்கா 2024-ல் தன் வரம்பை 12-லிருந்து 9-ஆகக் குறைத்தது. இந்தியாவின் வரம்பு 40. ஆக, 60 என்பது எந்த அளவுகோலில் வைத்தாலும் அதிகம்தான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: உலக மக்களில் 99 சதவீதம் பேர் அந்த நிறுவனத்தின் வரம்பைத் தாண்டிய காற்றைத்தான் சுவாசிக்கிறார்கள் என்று அதே நிறுவனம் சொல்கிறது. நீங்கள் இப்போது இருக்கும் ஊரும் அநேகமாக அதில் அடக்கம். அங்கே உள்ள 60-ஐச் சுத்தமான காற்றோடு ஒப்பிடாதீர்கள், இப்போது நீங்கள் சுவாசிப்பதோடு ஒப்பிடுங்கள். இங்கே 45, அங்கே 60 என்றால் அது ஒரு முடிவு. இங்கே 8, அங்கே 60 என்றால் அது முற்றிலும் வேறு முடிவு. என்னிடம் வந்த பல பெற்றோர் புது ஊரின் எண்ணை மனப்பாடமாகச் சொல்வார்கள். சொந்த ஊரின் எண் என்ன என்று கேட்டால் முழிப்பார்கள்.

எண்ணைப் பார்க்கும்போது இன்னொரு குழி இருக்கிறது. செல்போன் செயலிகள் காட்டும் காற்றுத் தரக் குறியீடு நாட்டுக்கு நாடு வேறு. 60 மைக்ரோகிராம் துகள் உள்ள நாளை இந்தியக் குறியீடு 100 என்று காட்டி, 'திருப்திகரம்' என்ற வகையில் சேர்க்கும். அமெரிக்கக் குறியீட்டில் அதே காற்று 150-ஐத் தாண்டி, 'ஆரோக்கியமற்றது' என்று சிவப்பில் வரும். காற்று ஒன்றுதான், நிறம்தான் மாறுகிறது. அதனால் குறியீட்டை விட்டுவிட்டு மைக்ரோகிராமைப் பாருங்கள். பழைய கட்டுரைகளையும் நம்ப வேண்டாம். பெய்ஜிங்கில் அமெரிக்கத் தூதரகம் 2008-ல் தன் கூரையில் வைத்த கருவியை நம்பித்தான் அங்கிருந்த வெளிநாட்டுக் குடும்பங்கள் ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்று முடிவு செய்து வந்தன. 2013-ல் அந்த நகரத்தின் வருடச் சராசரி 89.5, 2021-ல் 33. எட்டு வருடத்தில் ஒரு நகரம் இவ்வளவு மாறலாம், வேறொரு நகரம் எதிர்த் திசையிலும் போகலாம். கடைசி மூன்று வருடக் கணக்கு, மாதவாரியாக வேண்டும். தூதரகக் கருவிகளின் கணக்கை அமெரிக்க அரசு 2025 மார்ச்சில் பொதுவில் பகிர்வதை நிறுத்திவிட்டது. உள்ளூர் அரசின் நிலையங்களையும் தனியார் கருவிகளையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, "அந்த ஊரில் இருந்தால் ஆயுள் ஐந்து வருடம் குறையும்", "தினமும் மூன்று சிகரெட் பிடித்த மாதிரி" என்று நீங்கள் படித்து மிரண்டுபோன வாக்கியங்கள். இரண்டும் கற்பனையில்லை. ஆனால் உங்கள் நிலைமைக்கு இரண்டுமே பொருந்தாது. ஆயுள் கணக்கு, 10 மைக்ரோகிராம் கூடினால் சராசரி ஆயுளில் ஏறத்தாழ ஒரு வருடம் குறையும் என்ற மதிப்பீட்டிலிருந்து வருவது. அது ஒருவர் வாழ்நாள் முழுக்க அந்தக் காற்றிலேயே இருந்தால் என்பதற்கான கணக்கு. சிகரெட் ஒப்பீடும் அப்படித்தான்: ஒரு நாளைக்கு 22 மைக்ரோகிராம் ஒரு சிகரெட்டுக்குச் சமம் என்று, சாவு எண்ணிக்கையை வைத்துப் போட்ட வகுத்தல் அது. ஐந்து வயதுப் பையனின் மூச்சுக்குழாயில் என்ன நடக்கும் என்று அது சொல்லாது. இந்த மாதிரி ஒப்பீடுகள் அரசாங்கத்தை உலுக்க உதவும். வீட்டில் உட்கார்ந்து முடிவெடுக்க உதவாது.

சரி, உறுதியாகத் தெரிந்தது என்ன? காற்று கெட்ட நாட்களில் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இளைப்பு அதிகமாகும், இதய நோயாளிகளுக்கு மாரடைப்பு அபாயம் கூடும். இவை சந்தேகத்துக்கு இடமில்லாதவை. சில மணி நேரத்திலிருந்து சில வாரங்களுக்குள்ளேயே இது நடக்கும், பல வருடம் காத்திருக்க வேண்டியதில்லை. நீண்ட காலத் தொடர்பும் உறுதிதான். அமெரிக்காவில் ஆறு நகரங்களில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட பெரியவர்களைப் பதினான்கு முதல் பதினாறு வருடம் பின்தொடர்ந்த ஹார்வர்டு ஆய்வு 1993-ல் வெளிவந்தது. காற்று மிக மோசமான நகரத்தில் இறப்பு விகிதம், மிகச் சுத்தமான நகரத்தைவிட 26 சதவீதம் அதிகம் என்று காட்டியது அது. 2013-ல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, வெளிக்காற்று மாசைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பட்டியலில் சேர்த்தது. ஆனால் இவையெல்லாம் ஒரே இடத்தில் பல வருடம் வாழ்ந்தவர்களைப் பற்றியவை. மூன்று வருடம் இருந்துவிட்டுத் திரும்புபவர்களைத் தனியே பின்தொடர்ந்த பெரிய ஆய்வை வைத்து உங்களுக்குப் பதில் சொல்ல வழியில்லை. அருகிலிருக்கும் ஆய்வுகளைக் கொண்டு ஊகிக்க வேண்டியிருக்கிறது.

அந்த அருகிலிருக்கும் ஆய்வுகளில் உங்களுக்கு மிக நெருக்கமானது தெற்குக் கலிஃபோர்னியாவிலிருந்து வந்தது. 1990-களின் தொடக்கத்திலிருந்து பன்னிரண்டு ஊர்களில் ஆயிரக்கணக்கான பள்ளிப் பிள்ளைகளை ஊதச் சொல்லி, அவர்களின் நுரையீரல் கொள்திறன் எப்படி வளர்கிறது என்று வருடா வருடம் அளந்தார்கள். 2004-ல் வெளிவந்த முடிவு: நுண்துகள் மிக அதிகமான ஊர்ப் பிள்ளைகளில் 7.9 சதவீதம் பேருக்குப் பதினெட்டு வயதில் நுரையீரல் திறன் இருக்க வேண்டிய அளவில் எண்பது சதவீதத்துக்கும் கீழே இருந்தது. மிகக் குறைவான ஊரில் இது 1.6 சதவீதம். இதை இரண்டு விதமாகப் படிக்கலாம். ஐந்து மடங்கு என்று பயப்படலாம். மோசமான ஊரிலும் நூற்றில் தொண்ணூற்றிரண்டு பேர் அந்தக் கோட்டுக்கு மேலேதான் இருந்தார்கள் என்றும் சொல்லலாம். இரண்டுமே உண்மை. அந்த ஊர்களின் நுண்துகள் அளவு நீங்கள் போகும் இடத்தின் 60-ஐவிடப் பாதிக்கும் குறைவாகத்தான் இருந்தது என்பதையும் மறக்கக் கூடாது.

அதே ஆய்வின் ஒரு சின்னக் கிளைதான் எனக்கு எப்போதும் முக்கியமாகப் படுவது. பாதியில் வேறு ஊருக்குக் குடிபெயர்ந்த 110 பிள்ளைகளை மட்டும் தனியே தேடிப்போய் அளந்தார்கள்; 2001-ல் அது வெளியானது. துகள் குறைவான ஊருக்குப் போனவர்களின் நுரையீரல் வளர்ச்சி வேகம் பிடித்தது. அதிகமான ஊருக்குப் போனவர்களுடையது மந்தமானது. அதாவது வளரும் நுரையீரல் இருக்கும் இடத்துக்கு ஏற்ப நடந்துகொள்கிறது. கெட்ட காற்றில் வளர்ச்சி குறையும், நல்ல காற்றுக்கு வந்தால் மீண்டும் ஏறும். அப்புறம் 2015-ல், கலிஃபோர்னியாவில் காற்று சுத்தமான பின் வளர்ந்த தலைமுறைப் பிள்ளைகளின் நுரையீரல் முந்தையவர்களைவிட நன்றாக வளர்ந்தது என்றும் காட்டினார்கள். ஆனால் இழந்ததை முழுதும் ஈடுகட்டுமா என்பது நிரூபிக்கப்படவில்லை. 110 பேர் என்பது சின்ன எண்ணிக்கை, அந்த ஆய்வில் அளந்ததும் பெரிய துகள். என் கணிப்பு இதுதான்: ஆரோக்கியமான பிள்ளைக்கு, பருவ வளர்ச்சி முடிவதற்குள் திரும்பிவிட்டால், மூன்று வருடத்தில் ஏற்படும் குறை சிறியதாக இருக்கும், பெரும்பகுதி சரியாகிவிடும். இது கணிப்புதான், உத்தரவாதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள் மகளுக்கு இதில் கொஞ்சம் வயதுக் கணக்கு இருக்கிறது. பெண் பிள்ளைகளுக்கு நுரையீரல் வளர்ச்சி ஏறத்தாழ பதினெட்டு வயதில் நின்றுவிடும், பத்திலிருந்து பதினைந்து வயதுக்குள் அது வேகமாக இருக்கும். பதினொன்றிலிருந்து பதினான்கு வரை அவள் அங்கே இருப்பாள். அதனால் "பெரியவளுக்கு ஒன்றுமில்லை, சின்னவனை மட்டும் கவனித்தால் போதும்" என்று விட்டுவிடாதீர்கள். போகுமுன் அவளுக்கு ஒரு ஸ்பைரோமெட்ரி (ஊதச் சொல்லி நுரையீரல் திறனை அளக்கும் சோதனை) எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், வருடம் ஒருமுறை எடுங்கள். ஐந்து வயதில் ஊதச் சொன்னால் சில பிள்ளைகள் ஒத்துழைப்பார்கள், சிலர் கருவியைக் கடிப்பார்கள். உங்கள் மகனுக்கு முயன்று பார்க்கலாம்.

அவன் விஷயத்துக்கு வருகிறேன். வருடத்தில் நான்கு முறை நெபுலைசர் என்றால், காற்று எப்படியிருந்தாலும் அவனைச் சரியாக மதிப்பிட வேண்டிய கட்டம் வந்துவிட்டது. இந்த வயதில் சளியோடு மட்டும் வரும் வீசிங் பெரும்பாலான பிள்ளைகளுக்கு வளர வளரப் போய்விடும். சிலருக்கு அது ஆஸ்துமாவின் தொடக்கம். சளி இல்லாத நாட்களில் ஓடும்போது இருமுகிறானா, இரவில் எழுந்து இருமுகிறானா, தோலில் கரப்பான் (எக்ஸிமா) உண்டா, பெற்றோரில் யாருக்காவது ஆஸ்துமா உண்டா என்று கேட்டு மருத்துவர் பிரித்துப் பார்ப்பார். தேவைப்பட்டால் தினமும் எடுக்கும் தடுப்பு இன்ஹேலரை ஸ்பேசரோடு (மருந்தை எளிதாக இழுக்க உதவும் குழாய்) தொடங்குவார். இங்கேதான் பெரும்பாலான குடும்பங்கள் தயங்குகின்றன: பழக்கமாகிவிடுமாம், வளர்ச்சி நின்றுவிடுமாம். பழக்கமாகாது. வளர்ச்சியில் அளக்கக்கூடிய விளைவு உண்டு, மறைக்கவில்லை; பல வருடம் எடுத்த பிள்ளைகள் பெரியவர்களானபோது உயரத்தில் சராசரியாக ஒரு சென்டிமீட்டரும் கொஞ்சமும் குறைந்திருந்தது. கட்டுப்பாடில்லாத ஆஸ்துமாவோடு மோசமான குளிர்காலத்தைக் கழிப்பதற்கு எதிரே வைத்தால் அது ஒன்றுமே இல்லை.

எப்போது "இப்போது போகாதீர்கள்" என்று சொல்வேன்? கடந்த ஒரு வருடத்தில் இளைப்புக்காக அவன் மருத்துவமனையில் படுக்க வேண்டி வந்திருந்தால், அல்லது வாய்வழி ஸ்டீராய்டு மீண்டும் மீண்டும் தேவைப்பட்டிருந்தால், அல்லது ஒருமுறையாவது தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போயிருந்தால். அப்படி எதுவுமில்லை, நெபுலைசரோடு வீட்டுக்கு வந்துவிட்டான் என்றால், முதலில் ஆறு மாதம் மருந்தால் கட்டுக்குள் கொண்டுவந்து பாருங்கள். கணவர் முன்னால் போகட்டும். குடும்பம் காற்று நன்றாக இருக்கும் மாதத்தில் போய்ச் சேரட்டும். குளிர்காலத்தின் நடுவில் புதுப் பள்ளி, புதுக் கிருமிகள், 200 மைக்ரோகிராம் மூன்றையும் ஒரே வாரத்தில் அவன் தலையில் ஏற்றுவது எனக்குப் பிடிக்காத திட்டம். அப்படி வந்திறங்கிய பிள்ளைகளைத்தான் நான் அதிகம் பார்த்தேன். இளைப்பு வந்தால் முதல் மணி நேரத்தில் என்ன மருந்து, எத்தனை முறை, எந்த அறிகுறிக்கு ஆஸ்பத்திரி என்று ஒரே தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வருடாந்தர ஃப்ளூ தடுப்பூசியை வீட்டில் எல்லோரும் போடுங்கள்.

மாமியாரைப் பற்றி நீங்கள் ஒரே வரிதான் எழுதியிருந்தீர்கள். குறுகிய காலத்தில் உயிருக்கு ஆபத்து என்று பார்த்தால், உங்கள் வீட்டில் பட்டியலின் தலையில் இருப்பவர் அவர்தான். குழந்தைகளின் நுரையீரலைப் பற்றியே எல்லோரும் பேசுகிறோம். ஆனால் காற்று மாசால் ஏற்படும் சாவுகளில் பெரும்பகுதி மாரடைப்பும் பக்கவாதமும், அதுவும் வயதானவர்களிடம். என் துறை குழந்தைகள்; இதில் அவருடைய இதய மருத்துவரின் கருத்து முக்கியம். ஆனால் மோசமான நான்கு மாதங்களைச் சொந்த ஊரிலும், மற்ற மாதங்களைப் பேரப்பிள்ளைகளோடும் கழிக்க அவர் சம்மதிப்பாரா என்று இப்போதே பேசிப் பாருங்கள். அங்கே போன பிறகு பேசுவது கஷ்டம். பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்வி அதற்குள் அவர் கையில் வந்துவிட்டிருக்கும்.

இனி, நகரத்தின் எண் வேறு, உங்கள் பிள்ளை சுவாசிக்கும் எண் வேறு என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஒரு பள்ளிப் பிள்ளையின் நாளை எடுத்துக்கொள்ளுங்கள்: வீட்டில் பதினான்கரை மணி நேரம், பள்ளியில் ஏழு, பயணமும் வெளி விளையாட்டும் இரண்டரை. வெளியே 60 என்றும், எதுவும் செய்யாத வீட்டுக்குள் 45, பள்ளிக்குள் 50 என்றும் வைத்தால் நாள் சராசரி 48 வருகிறது. வீட்டில் மட்டும் காற்றுச் சுத்திகரிப்பான் போட்டு 15-க்குக் கொண்டுவந்தால் சராசரி 30. பள்ளியும் 15-க்கு வந்தால் 20. உள்ளே உள்ள அளவுகள் நான் அனுமானித்தவை, உங்கள் வீட்டில் வேறாக இருக்கும். ஆனாலும் விஷயம் புரியும்: பாதிக்கு மேல் உங்கள் கையில் இருக்கிறது. அதில் படுக்கையறைக்குத்தான் பெரிய பங்கு.

சுத்திகரிப்பானால் உடம்புக்கு நிஜமாகவே பலன் உண்டா என்று நீங்கள் சந்தேகப்படுவது நியாயம். ஷாங்காயில் 35 கல்லூரி மாணவர்களின் விடுதி அறைகளில் 48 மணி நேரம் இதை ஓட்டிப் பார்த்து, ஃபில்டர் இல்லாத போலிக் கருவியோடு ஒப்பிட்ட ஆய்வு 2015-ல் வந்தது. அறைக்குள் நுண்துகள் 96-லிருந்து 41 ஆனது. ரத்த அழுத்தமும் அழற்சி அளவீடுகள் சிலவும் இறங்கின. இரண்டே நாளில், ஆரோக்கியமான இளைஞர்களிடம். பத்து வருடம் ஓட்டினால் நோய் எத்தனை சதவீதம் குறையும் என்பதற்கு இது பதிலாகாது, ஆனால் திசை சரியாக இருக்கிறது. வாங்கும்போது ஹெப்பா என்ற, நுண்துகளைப் பிடிக்கும் ஃபில்டர், மணிக்கு எத்தனை கன மீட்டர் சுத்தமான காற்று தருகிறது என்ற எண், இரண்டும்தான் முக்கியம். 12 சதுர மீட்டர் அறை, 3 மீட்டர் உயரம் என்றால் 36 கன மீட்டர். மணிக்கு ஐந்து முறை சுத்தம் செய்ய 180 கன மீட்டர் வேண்டும். ஆனால் இந்த எண் முழு வேகத்தில் அளப்பது. முழு வேகத்தில் இரைச்சல் தாங்காமல் இரவில் யாராவது எழுந்து குறைத்துவிடுவார்கள், அதுவும் எல்லா வீட்டிலும் நடப்பதுதான். அதனால் இரட்டிப்புத் திறனுள்ளதை வாங்கிப் பாதி வேகத்தில் ஓட்டுங்கள். அயனி, ஓசோன் என்று விளம்பரம் செய்யும் கருவி வேண்டாம்; ஓசோன் நுரையீரலுக்குக் கெடுதல். சாதாரண ஏசி வெப்பத்தை மாற்றுமே தவிர நுண்துகளை வடிகட்டாது. எல்லா ஜன்னலையும் நாள் முழுக்க அடைத்துவைத்தால் கரியமில வாயு ஏறும், தலை கனக்கும். எனவே வெளியே அளவு குறையும் நேரம் பார்த்துச் சில நிமிடம் திறக்க வேண்டும். குளிர்காலத்தில் பொதுவாக அது மதியத்துக்குப் பின். அதிகாலையில் குளிர்ந்த காற்று தரையோடு ஒட்டி நிற்கும், மாசும் அதோடு தேங்கும். "காலைக் காற்று உடம்புக்கு நல்லது" என்ற நம்பிக்கையை அந்த ஊருக்குக் கொண்டுபோக வேண்டாம். கோடையில் கதை மாறும்: வெயிலில் உண்டாகும் ஓசோன் பிற்பகலில்தான் உச்சத்துக்குப் போகும்.

ஒரு சின்ன நுண்துகள் அளவி வாங்கி வீட்டுக்குள் வையுங்கள். ஈரப்பதம் அதிகமான நாளில் கூட்டிக் காட்டும். அது போகட்டும், ஏற்ற இறக்கத்தை நன்றாகக் காட்டிவிடும். சமையலறையில் எண்ணெய் பொரியும்போது அது எங்கே போகிறது என்று பார்த்துப் பல பெற்றோர் அதிர்ந்திருக்கிறார்கள். ஒரு கொசுவத்திச் சுருள் முழுதாக எரிந்தால் வெளியிடும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று 2003-ல் ஓர் ஆய்வு அளந்தது. வெளிக்காற்றைத் திட்டிக்கொண்டே உள்ளே புகை போடும் வீடுகள் நிறைய.

பள்ளிக்கு ஏழு மணி நேரம் போகிறது என்பதால் சேர்க்கைக்கு முன் அவர்களிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். வகுப்பறைக்குள் மைக்ரோகிராம் எவ்வளவு, அதை யார் எப்போது அளக்கிறார்கள்? எந்த அளவுக்கு மேல் வெளி விளையாட்டை நிறுத்துகிறீர்கள்? உடனே எண்ணாகப் பதில் வந்தால் நல்ல பள்ளி. "எங்களிடம் உலகத் தரமான வசதி இருக்கிறது" என்று மட்டும் பதில் வந்தால் வேறு பள்ளி பாருங்கள். வீடு பெருஞ்சாலையிலிருந்து 300 மீட்டராவது தள்ளி இருக்கட்டும், பள்ளிக்கு அருகில் இருக்கட்டும். வாகனப் புகை சாலையோரத்தில்தான் அடர்த்தி, தள்ளிப் போகப் போக விரைவாகக் குறையும். வாகனப் புகையிலுள்ள நைட்ரஜன் டை ஆக்சைடுக்கும் பிள்ளைகளுக்குப் புதிதாக ஆஸ்துமா வருவதற்கும் வலுவான தொடர்பு இருக்கிறது, அதை ஹெப்பா ஃபில்டர் பிடிக்காது. எத்தனையாவது மாடி என்பதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மாஸ்க் பற்றிச் சுருக்கமாக. முகத்தோடு ஒட்டிப் பொருந்தும் என்95 நன்றாக வேலை செய்யும். துணி மாஸ்க்கும் மெல்லிய சர்ஜிக்கல் மாஸ்க்கும் இதற்குப் போதாது. அமெரிக்காவின் என்95 சான்று வேலை செய்யும் பெரியவர்களுக்கானது. குழந்தை அளவில் அந்தச் சான்று கிடையாது. மகளுக்குச் சிறிய முகத்துக்கான மாஸ்க் பொருந்தலாம். ஐந்து வயதுப் பையன் பத்து நிமிடத்தில் அதைக் கழுத்துக்கு இறக்கியிருப்பான், அவனுக்கு மோசமான நாளில் வெளியே போகாமலிருப்பதே மாஸ்க். அதற்காக ஓடியாடுவதையே நிறுத்திவிடாதீர்கள். பெரியவர்களுக்கு, தினமும் அரை மணி நேரத்துக்கு மேல் சைக்கிள் ஓட்டுவதால் கூடுதல் நன்மை இல்லை என்ற நிலை வர வேண்டுமானால் காற்றில் 95 மைக்ரோகிராம் இருக்க வேண்டும் என்று 2016-ல் ஒரு கணக்கு வெளிவந்தது. குழந்தைகளுக்கு அதே எண்ணைப் பொருத்த முடியாது என்றாலும், சுமாரான நாளில் விளையாட விடுவதே சரி என்று நினைக்கிறேன். காற்றைச் சுத்தமாக்கும் செடிகள் பற்றிக் கேட்டிருந்தீர்கள்: வீட்டைக் காடாக்கினால் ஒழியப் பலன் இல்லை, அழகுக்கு வையுங்கள். வைட்டமின் மாத்திரை, வெல்லம், மூலிகைக் கஷாயம் எதுவும் நுண்துகளை உடம்பிலிருந்து வெளியேற்றும் என்பதற்கு நம்பத்தகுந்த சான்று இல்லை.

மூளை, படிப்பு, நினைவாற்றல் பற்றிய செய்திகளை எங்கே வைப்பது? முதியவர்களின் மறதி நோய்க்கு மாசு ஒரு காரணம் என்று 2020-ல் லான்செட் என்ற மருத்துவ இதழின் ஆணையம் தன் பட்டியலில் சேர்த்தது. பிள்ளைகளின் கற்கும் திறனோடு தொடர்பு காட்டும் ஆய்வுகளும் உண்டு. ஆனால் அவற்றில் வறுமை, சத்தம், பள்ளியின் தரம் எல்லாம் பின்னிக் கிடக்கின்றன, எவ்வளவு பங்கு காற்றுடையது என்று பிரிப்பது கடினம். நான் இதை 'இருக்கலாம்' என்ற பெட்டியில் வைத்திருக்கிறேன். உங்கள் முடிவை இது மாற்ற வேண்டியதில்லை.

உண்மையில் என்னைக் கவலைப்படுத்துவது ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் அந்த 'மூன்று வருடம்'. ஏழு வருடத்தில் நான் பார்த்த குடும்பங்களில் சொன்ன தேதியில் கிளம்பியவர்கள் குறைவு. வேலை நீளும், பிள்ளைக்குப் பள்ளி பிடித்துப்போகும், பத்தாம் வகுப்பு முடியட்டும் என்று தோன்றும். இரண்டு வருடத்துக்கென்று வந்த ஒரு குடும்பத்தின் பையனை அவனுடைய நான்கு வயதிலிருந்து பதினொன்று வரை நான் பார்த்தேன். ஒவ்வொரு குளிர்காலமும் அவன் அம்மா "அடுத்த வருடம் போய்விடுவோம் டாக்டர்" என்பார். ஆபத்தாக எதுவும் அவனுக்கு நடக்கவில்லை, ஆனால் ஊதும் எண் அவன் உயரத்துக்குச் சேர வேண்டிய அளவில் சேரவில்லை. மூன்று வருடத்துக்கு நான் மேலே சொன்ன ஆறுதல் ஏழு வருடத்துக்குச் செல்லாது. எனவே எதைக் கண்டால் திரும்புவோம் என்பதை இப்போதே, பயமும் பழக்கமும் வருவதற்கு முன், இருவரும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மகன் ஒரு குளிர்காலத்தில் இரண்டாவது முறை மருத்துவமனையில் படுத்தால். தடுப்பு மருந்து ஒழுங்காக எடுத்தும் வாரத்துக்கு இரண்டு முறைக்கு மேல் நிவாரண இன்ஹேலர் தேவைப்பட்டால். மகளின் ஸ்பைரோமெட்ரி இரண்டு வருடம் தொடர்ந்து பின்தங்கினால். மாமியாருக்கு நெஞ்சுவலி திரும்பினால். இந்த வரம்புகளை உங்கள் மருத்துவரோடு கலந்து மாற்றிக்கொள்ளுங்கள், ஆனால் எழுத்தில் இருக்கட்டும்.

எல்லாவற்றையும் வைத்துக் கேட்டால், மகனின் இளைப்பு கட்டுக்குள் வந்தபின், வடிகட்டிய காற்றுள்ள பள்ளியும் படுக்கையறைகளும் கிடைத்தால், மூன்று வருடத்துக்கு நான் போகச் சொல்வேன்; மாமியார் குளிர்காலத்தில் அங்கே இல்லாதபடி. இதில் ஏதாவது ஒன்று அமையவில்லையென்றால் கணவர் மட்டும் முதல் வருடம் போவது நல்லது. வீடு பார்க்க நிறுவனம் உங்களை ஒருமுறை அழைத்துப் போவதாக எழுதியிருந்தீர்கள். வழக்கமாக அதை நல்ல பருவத்தில்தான் வைப்பார்கள், நீல வானத்தைக் காட்டிக் கையெழுத்து வாங்க வசதி. மிக மோசமான மாதத்தில் அழைத்துப் போகச் சொல்லுங்கள், நீங்களும் கணவரும் மட்டும் போங்கள், அளவியைப் பையில் போட்டுக்கொண்டு பள்ளி வகுப்பறையில் ஒரு கால் மணி நேரம் உட்காருங்கள். சுத்திகரிப்பான்கள், ஃபில்டர் மாற்றும் செலவு, மருத்துவக் காரணத்துக்காக அபராதமில்லாமல் முன்கூட்டியே திரும்பும் உரிமை, இந்த மூன்றும் ஒப்பந்தத்தில் எழுத்தாக வந்தபிறகு கணவர் கையெழுத்துப் போடட்டும். கையெழுத்துக்கு முன் கேட்டால் பெரும்பாலும் கொடுத்துவிடுகிறார்கள்.